கப்பல் புத்தகத்தின் பன்னிரண்டாவது பிரதி

ஒன்பதாம் வகுப்பின் கரும்பலகைக்கு முன்னால் நின்று, அந்தப் புத்தகத்தை நடுவில் பிரித்து, கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். இரண்டு பக்கமும் சேர்த்து இருபது சொல் தேறாது. மிச்சமெல்லாம் வெள்ளை. "எண்ணிப் பாருங்க. புத்தகம் முழுக்க இப்படித்தான். இருநூத்திப் பத்து பக்கம். ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் படுத்துக்கிட்டே முடிச்சிடலாம்," என்றேன். பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் புத்தகத்தைச் சிபாரிசு செய்வது கஷாயம் கொடுப்பது மாதிரி. கசப்பைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அளவு கொஞ்சம்தான் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது வருட நூலக வேலையில், மூன்று ஊர்களில், நான் கற்றுக்கொண்ட வித்தை அது.

ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய பையன் ஒருவன் முன் பெஞ்சில் இருந்தான். கப்பல் முழுக எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டான். நாற்பது நிமிஷம் என்றேன். "அப்ப நாங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள நாலு தடவ முழுகிடும் மேடம்," என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு கதையைச் சொன்னேன். தொண்ணூறு வருடங்களுக்கு முன்னால், தோட்டங்களில் உழைத்துக் களைத்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த கூலிகளை ஏற்றிவந்த கப்பல். அடித்தளத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறுகிறது. அடித்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் ஓர் இரும்புக் கதவு. அதை மூடினால் கப்பல் இன்னும் கொஞ்ச நேரம் மிதக்கும். மேலே இருக்கிற இருநூற்றுச் சொச்சம் பேர் படகுகளில் இறங்கிவிடலாம். மூடினால் கீழே இருக்கிற பத்தொன்பது பேர் வெளியே வர முடியாது. கப்பல் சிப்பந்தி ஒருவன் மூடுகிறான். இதைப் பல பேருடைய குரலில், ஆளுக்கொரு கவிதையாக எழுதியிருந்தார்கள். கப்பல் சமையல்காரன், நிறைமாதக்காரி, சீட்டாடிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி, கதவை மூடியவன், கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள்.

கதவுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மட்டும் பேச்சு இல்லை. அவர்களுடைய பக்கத்தில் 'தட்' என்ற ஒரே சொல் பதினோரு முறை அச்சிடப்பட்டிருக்கும். மேலே நெருக்கமாகத் தொடங்கி, இடைவெளி அகன்று அகன்று, கடைசித் 'தட்' பக்கத்தின் அடிமூலையில் தனியாகக் கிடக்கும். அந்தப் பக்கத்தை நான் வாயால் படிப்பதில்லை. புத்தகத்தை இடது கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, வலது கை முட்டியால் ஆசிரியர் மேசையில் தட்டுவேன். இரண்டு ஊர்களில் தட்டியிருக்கிறேன். இரண்டு ஊர்களிலும் அதற்குப் பிறகு பிரதிகள் போதவில்லை.

அன்றும் தட்டினேன். நான்காவது தட்டலில் பெஞ்சுச் சத்தமெல்லாம் அடங்கியது. குண்டூசி விழுந்தால் கேட்கும் என்பார்களே, அப்படி. ஏழாவது தட்டலில் ஜன்னலோரம் இருந்த உயரமான பெண் எழுந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நடந்து, கதவைத் தாண்டி, வராந்தாவில் இறங்கிப் போய்விட்டாள். பின்னால் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்த வகுப்பாசிரியை அவளைத் தடுக்கவில்லை. பேனாவின் மூடியை எடுத்து மெதுவாக மாட்டினார். வயிற்றுவலியாக இருக்கும் என்று நினைத்தேன். மிச்சம் நான்கையும் தட்டி முடித்தேன். யாரும் அசையவில்லை. அந்த அமைதியை நான் என்னுடைய வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஊருக்கு நான் மாற்றலாகி வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளும் குளிர்க்கிடங்குகளும் நிறைந்த ஊர். காற்று மாறினால் எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே வாடை வரும். வீட்டுக்காரர் வேறு ஊரில் வேலை. மாதம் ஒருமுறை போய் வருவேன். ஊரில் என்னோடு எல்லோரும் நன்றாகத்தான் பழகினார்கள். ஆனால் பழகுவது வேறு, சொல்வது வேறு என்று எனக்கு அப்போது தெரியாது.

நூலகத்தில் அந்தப் புத்தகம் பன்னிரண்டு பிரதிகள் வாங்கிப் போட்டிருந்தேன். அன்று சாயங்காலமே பதினொன்று போய்விட்டன. ரேடியோ எடுத்துப் போனான். குண்டூசி என்று கூப்பிடப்பட்ட பெண்ணும் எடுத்துப் போனாள். ஆள் ஒல்லி, பார்வை கூர்மை, பேச்சு அதைவிடக் கூர்மை. ஒரு பிரதி மட்டும் மேசையில் மிஞ்சியது.

மறுநாள் பள்ளி விட்டதும் அந்த உயரமான பெண் வந்தாள். கொக்கு என்றுதான் வகுப்பில் அவளைக் கூப்பிட்டார்கள். எங்கே நின்றாலும் ஒரு காலைச் சுவரில் மடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம். என் மேசை முன்னாலும் அப்படித்தான் நின்றாள். புத்தகத்தைக் கேட்டாள். நான் தேதி முத்திரை குத்தும்போது, இது நிஜமாக நடந்ததா என்று கேட்டாள். நடந்ததுதான், விசாரணை அறிக்கைகூட இருக்கிறது என்றேன்.

"தட்டினது அந்த அறிக்கையில இருக்கா மேடம்?"

இல்லை, அது எழுதியவர் யோசித்து எழுதியது என்றேன். எப்படி யோசித்தார்கள் என்று கேட்டாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் முத்திரையை மைப்பெட்டியில் அழுத்திக்கொண்டே சொன்னேன்: "இதுல யோசிக்க என்ன இருக்கு? உள்ள மாட்டிக்கிட்டா யாரா இருந்தாலும் தட்டத்தானே செய்வாங்க."

அவள் சுவரிலிருந்து காலை இறக்கினாள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

எட்டாம் நாள் மத்தியானம், பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள் இரண்டு பேரும் மின்விசிறிக்குக் கீழே கண்ணயர்ந்திருந்த நேரம், நீலச் சீருடை போட்ட ஒருவர் கப்பல் புத்தகத்தோடு உள்ளே வந்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்கைச் சுருக்க வைக்கும் ஒரு காரமான நெடி அவரோடு வந்தது. குண்டூசியோட அப்பா என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். கிடங்கில் கம்ப்ரசர் மெக்கானிக். பெற்றோர் ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் எதற்கு வருவார் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு ஏன் சாவுக் கதை என்பார்கள். அதற்கான பதில் என்னிடம் தயாராக இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

அவர் அதைக் கேட்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "கதவ மூடினவன் கடைசில என்ன ஆனான்?" என்றார்.

பொண்ணு தினமும் சாயங்காலம் சத்தம் போட்டுப் படிக்கிறாள், கேட்டுக்கொண்டிருந்தேன், அவனுக்கு ஒரே ஒரு கவிதைதான் வருகிறது, அப்புறம் ஆளையே காணோம் என்றார். நான் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். எனக்கு மனப்பாடமான கவிதை அது.

பூட்டு என்னிடம் இல்லை.
கதவுதான் இருந்தது.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
எண்ணிக்கொண்டே படி ஏறினேன்.
மேலே வானம்
அப்படியே இருந்தது.

அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை, விசாரணை அறிக்கையில் 'கதவு ஒரு சிப்பந்தியால் மூடப்பட்டது' என்று ஒரு வரிதான் இருக்கிறது, மீதி எல்லாம் எழுதியவருடைய கற்பனை என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"கற்பனைன்னா தப்பா பண்ணியிருக்காங்க மேடம். எண்ண மாட்டான். அந்த நேரத்துல எண்ண வராது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடி எவ்வளவு சில்லென்று இருந்தது என்பதுதான் ஞாபகம் இருக்கும், வேறு ஒன்றும் இருக்காது என்றார். பிறகு எனக்குச் சொன்னார். யாரிடமோ வேலை விவரம் சொல்வதுபோல, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன்னால். அவருடைய கிடங்கில் உறைய வைக்கும் அறைக்குள் அம்மோனியா குழாய் வெடித்தது. உள்ளே சரக்குத் தட்டு அடுக்கிக்கொண்டு இரண்டு பெண்கள். அறைக்கு வெளியே, ஒரு நடை தள்ளி, பேக்கிங் ஹாலில் நாற்பத்து மூன்று பேர். அவர் சத்தம் கேட்டு கம்ப்ரசர் அறையிலிருந்து ஓடிவந்தபோது வாசல் முழுக்க வெள்ளையாகப் புகை, ஹாலை நோக்கித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தது. முகமூடி மேனேஜர் அறையில், பூட்டிய அலமாரியில். உள்ளே எட்டு அடி வரை போய்ப் பார்த்தார்; கண் தெரியவில்லை, மூச்சு நின்றுவிட்டது. திரும்பி வந்து கதவை இழுத்து மூடினார். பிறகு மெயின் வால்வை அடைக்க அடுத்த கட்டடத்துக்கு ஓடினார். சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. அடைத்து, முகமூடி எடுத்து, திரும்பி வந்து திறக்க இருபது நிமிஷம் ஆனது.

"உள்ளேர்ந்து தெறக்கிற கைப்பிடி உடைஞ்சு ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. நான்தான் எழுதிக் குடுத்திருந்தேன். யாரும் மாத்தல. மூடும்போது அது எனக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சுதான் மூடினேன்."

விசாரணை வந்தது. நாற்பத்து மூன்று உயிரைக் காப்பாற்றியவர் என்று அவரை எழுதினார்கள். உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்டார்கள். கேட்கவில்லை என்று கையெழுத்துப் போட்டார். உடனே மயக்கமாகியிருப்பார்கள், ஒன்றும் தெரிந்திருக்காது என்று அந்த இரண்டு வீட்டுக்கும் சொல்லப்பட்டது. மேனேஜர் அப்படிச் சொல்லச் சொன்னார். ஆனால் மேனேஜர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்றார். ஊரில் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. யாரும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் இல்லை. டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் ஓர் ஆள் இடம் எப்போதும் காலியாகவே இருக்கும்.

"கேட்டுச்சா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

"கேட்டுச்சு."

பெரியவர்களில் ஒருவர் தூக்கத்தில் இருமிவிட்டுத் திரும்பினார். மெக்கானிக் புத்தகத்தை என் மேசையில், ஓரம் நேராக இருக்கும்படி வைத்தார். எழுந்து நின்ற பிறகுதான் கடைசியாக அதைச் சொன்னார். அந்த இரண்டு பேரில் ஒருத்தி, அவர் மகள் வகுப்பிலேயே படிக்கிற அந்த உயரமான பெண்ணின் அம்மா. "நீங்க க்ளாஸ்ல மேசையைத் தட்டிக் காட்டினீங்களாம். எம் பொண்ணு சொன்னா," என்றார். அவர் குரலில் குற்றம் சொல்லும் சாயல் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு நான் என் வலது கை முட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஏழாவது தட்டலில் எழுந்து போனாள். நான் நிறுத்தவில்லை. பதினொன்று வரை தட்டினேன். மறுநாள் வந்து கேட்டவளிடம், யாராக இருந்தாலும் தட்டத்தானே செய்வார்கள் என்று, வரிசை நகர வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். புத்தகத்தின் அட்டையில் 'பதின்ம வயதினர் அவசியம் படிக்க வேண்டிய நூல்' என்று நான் எழுதி ஒட்டிய சீட்டு இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பாதிதான் வந்தது.

அடுத்த நாள் தலைமையாசிரியை போன் செய்தார். நயமாகத்தான் பேசினார். நீங்கள் ஊருக்குப் புதுசு, தெரியாமல் நடந்துவிட்டது, ஆனால் வாசிப்புப் பட்டியலிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துவிடலாம், பிரதிகளையும் திரும்ப வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள் என்றார். நான் சரி என்றேன். வேறு சமயமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். புத்தகத்தை எடுப்பதற்கு எதிராக நான் எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன். அன்று ஒரு வாதமும் வரவில்லை. இரண்டே நாளில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரேடியோ கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொன்று வந்து சேர்ந்தன. பன்னிரண்டாவது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே அந்த வீட்டைத் தேடிப் போனேன். புத்தகத்தை வாங்க என்று சொல்லிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க என்றும் சொல்லிக்கொண்டேன். தொழிற்சாலைக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. அவள் அப்பா லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருப்பதே குறைவு; அம்மாவின் அக்கா, பெரியம்மாதான் அவளை வளர்க்கிறார். பெரியம்மா தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். கையில் ஈரம் ஊறி வெளுத்த தழும்புகள். அவரும் அதே கிடங்கில் பேக்கிங் ஹாலில்தான் வேலை. அன்றைக்கும் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார், அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவராக.

மன்னிப்புக் கேட்டேன். பெரியம்மா, விடுங்க மேடம், உங்களுக்கு என்ன தெரியும் என்றார். கொக்கு உள்ளறை வாசலில் ஒரு காலை மடித்து நின்றுகொண்டிருந்தாள். புத்தகத்தை நான் கேட்பதற்கு முன்பே, தர மாட்டேன் என்றாள். பெரியம்மா அதட்டவில்லை, மடித்துக்கொண்டிருந்த சட்டையை மறுபடி உதறி மடித்தார்.

"எல்லாரும் எங்கிட்ட அம்மா தூங்கிட்டாங்கன்னு சொன்னாங்க மேடம். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னு. நான் நம்பிக்கிட்டு இருந்தேன். நீங்க மேசையைத் தட்டினப்பதான், அப்படியும் இருந்திருக்கலாம்னு தோணுச்சு." அவள் அழவில்லை. கணக்கில் புரியாத ஒரு வரியைக் கேட்பதுபோலக் கேட்டாள். "குண்டூசியோட அப்பா உங்களப் பாக்க வந்தாராமே. எங்கம்மா தட்டினாங்களா?"

எனக்குத் தெரியும். நான்கு நாளாக எனக்குத் தெரியும். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது. சட்டையின் ஒரு கை மடிந்தும் இன்னொரு கை மடியாமலும் அவர் மடியில் கிடந்தது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன்.

கொக்கு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொய்யை அந்த வயதில் அவ்வளவு தெளிவாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் வேலையே அவர்களோடுதான். "இந்த ஊர்ல யாருக்குமே எதுவுமே தெரியாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரியம்மா என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார். முனையில் நின்று, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். அது ஈரமாகவே இல்லை.

"நாங்க ஓடினோம் மேடம். எவளோ கத்தினா, எல்லாரும் பின்வாசல் வழியா ஓடினோம். எந்தங்கச்சி உள்ள இருக்கான்னு எனக்குத் தெரியும். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகுதான் நின்னேன். அவ தட்டினாளா, எங்காதுல விழுந்துச்சா, நான் கேட்டுக்கிட்டேதான் ஓடினேனா... இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியல." பிறகு, "அவகிட்ட தூங்கிட்டான்னு மொதல்ல சொன்னது நான்தான்," என்றார்.

திங்கட்கிழமை குண்டூசி நூலகத்துக்கு வந்தாள். அவளிடம் எதுவும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவளே ஆரம்பித்தாள். புத்தகத்தை வகுப்பில் கேட்டதுமே, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்துதான் எடுத்துப் போனாளாம். ஆறு வருடமாக அப்பா அந்த அறையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவைக்கூட அம்மாதான் மூட வேண்டும். "கதவ மூடினவனோட கவிதைய நாலு தடவ படிக்கச் சொன்னாரு. அப்புறம் எழுந்து வெளிய போயிட்டாரு," என்றாள். தான் செய்தது சரியா தப்பா என்று அவள் என்னைக் கேட்கவில்லை. அவள் முகத்தில் அந்தக் கேள்வி இருந்தது. நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். பிறகு, கொக்கு கேட்ட கேள்வியை அவளிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்லச் சொன்னேன். பதினான்கு வயதுப் பெண்ணின் தலையில் இதை ஏற்றி அனுப்புகிறோமே என்று தெரிந்துதான் சொன்னேன். எனக்கு அவரைத் தேடிப் போகும் தைரியம் இல்லை.

இரண்டு நாள் ஒரு சேதியும் இல்லை. மூன்றாம் நாள், வியாழக்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு அவர் வந்தார். சீருடை இல்லை. குளித்துத் தலை வாரி, பெட்டியில் மடித்து வைத்த கோடு இன்னும் போகாத வெள்ளைச் சட்டை. கொக்கு அவருக்கு முன்பே வந்து வராந்தாவில் நின்றிருந்தாள். குண்டூசிதான் கூட்டி வந்திருக்கிறாள், ஆனால் வராந்தாவில் ஏறவில்லை, சைக்கிள்கள் நிற்குமிடத்தில் ஒரு சைக்கிளின் பெடலைக் காலால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் முதலில் என்னிடம் வந்தார். விசாரணையில் நான் கையெழுத்துப் போட்டது வேறு, இது வெளியே போனால் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்றார். யோசித்துச் செய்யுங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "மூணு நாளா அதத்தான் மேடம் பண்ணிக்கிட்டிருந்தேன்," என்றார். உள்ளே உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். வேண்டாம், வெளியிலேயே நிற்கிறோம், அந்தப் பிள்ளைக்கு மூடிய இடம் வேண்டாம் என்றார்.

என் மேசைக்குப் பக்கத்து ஜன்னல் வராந்தாவைப் பார்த்துத் திறந்திருந்தது. எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் நின்றாள். இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். கப்பல் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"தட்டினாங்கம்மா," என்றார்.

அவள் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். எண்ணவில்லை என்றார். வால்வுக்கு ஓடுகிற வரைக்கும் கேட்டது, திரும்பி வந்தபோது கேட்கவில்லை என்றார். உன் பெரியம்மாவோ மற்றவர்களோ பொய் சொல்லவில்லை, கேட்டது எனக்கு மட்டும்தான், கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான் என்றார். அவள் புத்தகத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு, "எங்கம்மா ஏதாவது சொன்னாங்களா?" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். நான் அப்போதுதான் எழுந்தேன். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று உடம்புக்கே தெரிந்தது. கடைசி அலமாரி வரை போய், வரிசை கலையாத புத்தகங்களை எடுத்து எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தேன். அந்த மூலையில் பழைய தாளின் வாசனையும் கரையான் மருந்தின் வாசனையும் கலந்து வரும். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று சொல்ல முடியாது. வெளியே ஒரு பேருந்து வந்து, நின்று, ஹாரன் அடித்து, போனது. யாரும் ஏறிய மாதிரித் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது வராந்தாவில் யாருமில்லை. பெஞ்சில் பன்னிரண்டாவது பிரதி இருந்தது, காற்றில் அதன் அட்டை லேசாகத் தூக்கிக்கொண்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். காம்பவுண்டுச் சுவரோரம், தோட்டத்துக் குழாயடியில் அவள் குனிந்திருந்தாள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, இரண்டு மணிக்கட்டையும் தண்ணீருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தாள். முகம் கழுவவில்லை. குடிக்கவும் இல்லை. சைக்கிள் பக்கத்தில் குண்டூசி பெடல் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

குழாயடியில் குனிந்திருந்தவளுக்கு இரண்டடி பின்னால் மெக்கானிக் நின்றார். அவளுடைய பள்ளிப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். புத்தகங்கள் அடைத்த, கனமான பை. அதைத் தோளில் மாட்டவும் அவருக்குத் தோன்றவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை. குழாய்க்குக் கீழே இருந்த வாளி நிரம்பி, வழிந்து, தண்ணீர் மண்ணில் ஓடி அவருடைய செருப்பைத் தொட்டது. பிறகு செருப்பைத் தாண்டியது. அவர் நகரவில்லை. பையை மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.